தீராத கணக்கு: ஃப்ளாமன், சிட்ரோனன் என்ற இரண்டு டேனிஷ் போராளிகள்

ஒருவனைக் கொன்றுவிட்டார்கள் என்று நேராகச் சொல்ல நாக்கு கூசும்போது, 'கணக்கை முடித்துவிட்டார்கள்' என்று சொல்வது நம்மிடையே வழக்கம். இரண்டாம் உலகப் போரின் கடைசி இரண்டு ஆண்டுகளில் டேனிஷ் மொழிக்கும் இதே சங்கடம் வந்தது. ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்த தலைமறைவு இயக்கத்தினர், காட்டிக்கொடுப்பவர்களைச் சுட்டுக் கொன்றபோது அதைக் கொலை என்று சொல்லவில்லை, தண்டனை என்றும் சொல்லவில்லை. 'லிக்விடேரிங்' என்றார்கள். ஒரு கடையை இழுத்து மூடும்போது வரவையும் கடனையும் நேர்செய்து முடிப்பதற்கு வணிகர்கள் பயன்படுத்தும் சொல் அது.

எதிர்த்தரப்பின் கொலைகளுக்கும் கணக்குப் புத்தகத்திலிருந்துதான் பெயர் கிடைத்தது. டென்மார்க்கின் வெண்ணெயும் பன்றியிறைச்சியும் ஜெர்மனிக்குப் போய்க்கொண்டிருந்தன. விற்ற டேனிஷ் விவசாயிக்குப் பணம் கொடுத்தது டென்மார்க்கின் சொந்த மத்திய வங்கி. ஜெர்மனியின் பெயரில் 'கிளியரிங்' என்ற தலைப்பில் பற்று எழுதி வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். திரும்ப வராத அந்தக் கடனைப் போலவே, எதிர்ப்பியக்கம் ஓர் ஒற்றனைக் கொன்றால் பதிலுக்கு ஒரு டேனியரைக் கொன்று ஈடுகட்டும் ஜெர்மானியர்களின் வழக்கத்தையும் மக்கள் 'கிளியரிங் கொலை' என்று அழைத்தார்கள். கசப்பான பகடிதான். ஆனால் அந்தப் போரின் இந்தப் பக்கத்தைப் புரிந்துகொள்ள இந்த இரண்டு கணக்குச் சொற்களைவிட நல்ல வாசல் கிடையாது.

அந்தக் கணக்கில் வரவுப் பக்கத்திலும் செலவுப் பக்கத்திலும் எழுதப்பட்ட இரண்டு பெயர்கள் ஃப்ளாமன், சிட்ரோனன். இரண்டும் புனைபெயர்கள். ஃப்ளாமன் என்றால் சுடர். செந்நிற முடிகொண்ட பென்ட் ஃபவுர்ஸ்கோ ஹ்வீடுக்கு வைத்த பெயர் அது. சிட்ரோனன் என்றால் எலுமிச்சை. யோர்கன் ஹாகன் ஷ்மித் என்பவர் கோபன்ஹேகனில் சிட்ரோயன் கார் பட்டறையில் வேலை பார்த்தார். அங்கே வந்த ஜெர்மன் வண்டிகளைச் சத்தமில்லாமல் பழுதாக்கி அனுப்பினார். பட்டறையின் பெயர் டேனிஷ் வாயில் எலுமிச்சையாகித் திரிந்து அவருக்கே ஒட்டிக்கொண்டது. இருவரும் 1944 அக்டோபரில் மூன்று நாள் இடைவெளியில் இறந்தார்கள். டென்மார்க் எதிர்ப்பியக்கத்தில் இன்று மிகவும் அறியப்பட்ட பெயர்கள் இவர்களுடையவை. அதே சமயம், அந்த நாடு நெடுங்காலம் பேசத் தயங்கிய வேலையைச் செய்தவர்களும் இவர்கள்தான்.

அந்தத் தயக்கம் ஏன் என்று புரிய, கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

டென்மார்க் தூக்குமேடையை மறந்துபோன நாடு. அமைதிக் காலத்தில் அங்கே கடைசியாக மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது 1892-இல். 1930-இல் இயற்றப்பட்டு 1933-இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டம், பொதுச் சட்டத்திலிருந்து மரண தண்டனையை நீக்கியே விட்டது. 1940 ஏப்ரல் 9 அதிகாலையில் ஜெர்மன் படைகள் எல்லை தாண்டியபோது சண்டை சில மணி நேரத்தில் ஓய்ந்தது. அரசர் பத்தாம் கிறிஸ்டியன் இருந்தார், நாடாளுமன்றம் இருந்தது, டேனிஷ் போலீசும் நீதிமன்றங்களும் இருந்தன. மேலே ஜெர்மானியர்கள் இருந்தார்கள். போலந்திலும் ரஷ்யாவிலும் செத்துக்கொண்டிருந்த ஜெர்மன் சிப்பாய்களுக்கு டென்மார்க்கில் பணி கிடைப்பது வரம். 'பாலாடை முனை' என்று அவர்கள் அதைச் சொன்னதில் பொறாமையும் இருந்தது, உண்மையும் இருந்தது. ஆக்கிரமிப்பின் கீழ் 1943 மார்ச்சில் பொதுத்தேர்தல்கூட நடந்தது. டேனிஷ் நாஜிக் கட்சிக்கு அதில் கிடைத்தது இரண்டு சதவீதத்தைச் சற்றே தாண்டிய வாக்குகள்.

இப்படியொரு ஏற்பாட்டை 'ஒத்துழைப்பு' என்று சொல்வதா, 'சமாளிப்பு' என்று சொல்வதா என்று டேனிஷ் வரலாற்றாசிரியர்கள் இன்றும் மல்லுக்கு நிற்கிறார்கள். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஒன்றை மட்டும் கவனிக்கத் தோன்றுகிறது. ஏற்பாடு எந்த இடத்தில் உடைந்தது? 1943 கோடையில் வேலைநிறுத்தங்களும் நாசவேலைகளும் பெருகியபோது, ஆகஸ்ட் 28 அன்று ஜெர்மனி ஓர் இறுதி எச்சரிக்கை கொடுத்தது. வேலைநிறுத்தத்துக்குத் தடை, ஊரடங்கு, நாசவேலை செய்வோருக்கு மரண தண்டனை. மூன்று ஆண்டுகளாக வளைந்து கொடுத்த அரசு இதற்கு வளையவில்லை. மறுநாள் ஆகஸ்ட் 29 அன்று ஜெர்மானியர்கள் அவசரநிலையை அறிவித்தார்கள், அரசு செயலிழந்தது. தன் குடிமகனைக் கொல்லும் சட்டத்தில் கையெழுத்திட மாட்டோம் என்று சொல்லிப் பதவி துறந்தவர்களின் நாடு அது. அதே நாட்டின் இளைஞர்கள் அடுத்த இருபது மாதங்களில் நீதிமன்றம் இல்லாமலேயே சக டேனியர்களைச் சுடப் போகிறார்கள்.

அந்த ஆகஸ்டில் கோபன்ஹேகனையே உலுக்கிய சம்பவம் ஃபோரம் மண்டபத்தின் தகர்ப்பு. ஃபிரெடெரிக்ஸ்பெர்கில் இருந்த அந்தப் பெரிய பொருட்காட்சி மண்டபத்தைச் சிப்பாய்கள் தங்கும் பாசறையாக மாற்ற ஜெர்மானியர்கள் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். ஆகஸ்ட் 24 பட்டப்பகலில், வேலையாட்கள் சாப்பாட்டுக்குப் போயிருந்த நேரத்தில், சரக்கு சைக்கிளில் பீர் பெட்டி ஒன்று உள்ளே போனது. பெட்டியில் வெடிமருந்து இருந்தது. மண்டபம் எலும்புக்கூடாக நின்றது. செய்தவர்கள் ஹோல்கர் டான்ஸ்க என்ற குழுவினர். பெயர் ஒரு பழங்கதை வீரனுடையது. குரோன்போர்க் கோட்டையின் நிலவறையில் அவன் தாடி வளர உறங்கிக்கொண்டிருக்கிறான், நாட்டுக்கு ஆபத்து வரும்போது எழுவான் என்பது டேனியக் குழந்தைகளுக்குத் தெரிந்த கதை. பெயர் வைத்தவர்களுக்கு நகைச்சுவை உணர்வும் கொஞ்சம் இருந்திருக்கும். எழுந்தது ஒற்றை வீரன் அல்லவே, பட்டறைத் தொழிலாளியும் பள்ளி ஆசிரியரும் மாணவர்களும்தானே!

ஃப்ளாமனும் சிட்ரோனனும் இந்தக் குழுவில்தான் சேர்ந்தார்கள். இருவருக்கும் வயதில் பத்தாண்டு இடைவெளி. சிட்ரோனன் 1910 டிசம்பரில் பிறந்தவர். மனைவி, பிள்ளைகள் என்று குடும்பம் இருந்தது. ஃப்ளாமன் 1921 ஜனவரியில் வடக்கு சேலாந்தில் அஸர்போ என்ற ஊரில் பிறந்தார். தந்தை ஹோட்டல் நடத்தியவர். மகனும் அதே தொழிலைக் கற்றுக்கொள்ளப் போருக்கு முன் ஜெர்மனிக்குப் போனார். நாஜிகளை நேரில் பார்த்து அங்கே அவர் கற்றுக்கொண்டது வெறுப்பு. ஹோட்டல் பணியாளுக்கு வேண்டிய குணங்கள் என்ன? முகம் பார்த்து ஆளை எடைபோடுவது, யாருக்கும் உறுத்தாமல் அறைக்குள் வந்து போவது. அவர் பின்னால் செய்த வேலைக்கும் இவைதான் தேவைப்பட்டன என்பது என் ஊகம். தலைமுடிதான் ஒத்துழைக்கவில்லை.

எதிர்ப்பியக்கத்துக்கு ஒற்றர்கள் ஏன் அவ்வளவு பெரிய ஆபத்தானார்கள் என்பதற்கு நேரடியான காரணம் உண்டு. 1943 ஆகஸ்ட் வரை உள்நாட்டுக் குற்றங்களை டேனிஷ் போலீஸ்தான் விசாரித்துவந்தது. அரசு வீழ்ந்தபின் ஜெர்மன் இரகசியப் போலீசான கெஸ்டபோ நேரடியாக வந்து இறங்கியது. வந்தவர்களுக்கு ஊர் தெரியாது, மொழி தெரியாது. பக்கத்து வீட்டில் யார் புதிதாக வந்து தங்கியிருக்கிறார்கள், எந்த மாணவன் கைச்செலவுக்கு மேல் செலவு செய்கிறான் என்பதைச் சொல்ல உள்ளூர் வாய் வேண்டும். பணத்துக்காகவும் பகைக்காகவும் கொள்கைக்காகவும் அந்த வாய்கள் கிடைத்தன. டேனிஷ் மொழியில் அவர்களுக்கு 'ஸ்டிக்கர்' என்று பெயர். குத்துபவன், கொட்டுபவன் என்று பொருள் கொள்ளலாம். பிடிபட்ட ஓர் ஆளைச் சித்திரவதை செய்தால் ஐந்து முகவரி கிடைக்கும். ஆக, ஓர் ஒற்றன் ஒரு குழுவையே அழித்துவிட முடியும்.

ஸ்வென்ட் ஓட்டோ நீல்சன் கதை இதற்கு உதாரணம். ஸ்கோவ்ஸ்ஹோவ்ட் பள்ளியில் கணிதம் கற்பித்தவர், ஹோல்கர் டான்ஸ்க குழுவின் முன்னணி ஆட்களில் ஒருவர். 1943 டிசம்பரில் அவரும் தோழர் ஒருவரும் அடைக்கலம் தேடிப் போன வீட்டிலிருந்தே தகவல் கெஸ்டபோவுக்குப் போனது. தோழர் தப்பினார். நீல்சன் குண்டடிபட்டு, தொடையெலும்பு முறிந்து பிடிபட்டார். அந்தக் காலோடு மாதக்கணக்கில் சிறையில் கிடந்தார். 1944 ஏப்ரல் 27 அன்று சுடுவதற்கு அழைத்துப் போனபோது அவரால் நடக்க முடியவில்லை, தூக்கிக்கொண்டுதான் போனார்கள். காட்டிக்கொடுத்த பெண்ணை அதற்கு ஒரு மாதம் முன்பே, மார்ச்சில், எதிர்ப்பியக்கத்தினர் சுட்டுக் கொன்றிருந்தார்கள். இந்த இரண்டு மரணங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், அன்றைய கோபன்ஹேகனில் ஒருவன் துப்பாக்கியை எடுப்பதற்குத் தத்துவம் எதுவும் தேவைப்பட்டிருக்காது என்று தெரிகிறது.

ஆனாலும் தத்துவம் தேவைப்பட்டது, ஏனென்றால் அவர்கள் டேனியர்கள். 1943 செப்டம்பரில் எதிர்ப்புக் குழுக்களை ஒருங்கிணைக்க 'சுதந்திர மன்றம்' என்ற அமைப்பு உருவானது. நாடு விடுதலை பெற்றபின் துரோகிகளைச் சட்டப்படி விசாரித்துத் தண்டிக்கவேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. அப்படியானால் இப்போது சுடுவது எதில் சேரும்? இயக்கத்தினரின் பதில் இதுதான்: சுடுவது தண்டனை அல்ல, தடுப்பு. தண்டனை கொடுப்பது நீதிமன்றத்தின் வேலை. நம்மிடம் சிறை இல்லை, காவலர் இல்லை, காட்டிக்கொடுப்பவனை அடைத்து வைக்க ஓர் அறைகூட இல்லை. நாளை அவன் கொடுக்கப்போகும் பெயர்களை இன்றே தடுக்கிறோம். ஆகவே தற்காப்பு.

இந்த வாதத்தில் வலு இருக்கிறது. ஓட்டையும் இருக்கிறது. தற்காப்பு என்றால் ஆபத்து நிச்சயம் என்று தெரிந்திருக்கவேண்டும். தலைமறைவில் யாருக்கு எது நிச்சயமாகத் தெரியும்? தகவல் வாய்வழியாக வரும், கொண்டுவருபவரின் உண்மைப் பெயர்கூடத் தெரியாது. மேலிடத்திலிருந்து உத்தரவு வருகிறது என்பார்கள். மேலிடத்துக்கு அந்தத் தகவல் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் வசதி துப்பாக்கி ஏந்தியவனுக்கு இல்லை. சுடப்பட்டவர்கள் சிலர் விஷயத்தில் சாட்சியம் மிகவும் பலவீனமாக இருந்தது, சிலர் குற்றமற்றவர்களாகவே இருந்திருக்கலாம் என்பது பிற்கால ஆய்வுகளில் வந்த முடிவு. போர் முடிவதற்குள் எதிர்ப்பியக்கம் இப்படிக் கொன்றவர்களின் எண்ணிக்கை சுமார் 400. ஜெர்மானியர்கள் டென்மார்க்கில் மரண தண்டனை விதித்துச் சுட்டுக் கொன்ற எதிர்ப்பாளர்கள் ஏறத்தாழ 100 பேர். இந்த இரண்டு எண்களையும் ஒரே வரியில் எழுதுவது டேனியர்களுக்கு நெடுநாள் பிடிக்காத காரியமாக இருந்தது. நானும் தயங்கித்தான் எழுதுகிறேன். எண்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஏதோ சமன் சொல்வதுபோல் தோன்றிவிடும். வதைமுகாம்களில் செத்தவர்கள், தெருவில் சுடப்பட்டவர்கள் இந்த 100-இல் சேரமாட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

ஃப்ளாமனும் சிட்ரோனனும் இந்த வேலையில் இணைபிரியாத ஜோடியானார்கள். பல வேளைகளில் சிட்ரோனன் காரை ஓட்டுவார், ஃப்ளாமன் இறங்கிச் சுடுவார். ஃப்ளாமன் கையால் இறந்தவர்கள் 22 பேர் என்று ஒரு கணக்கு சொல்லப்படுகிறது. தலைமறைவு இயக்கத்தில் பதிவேடு எழுதி வைப்பவர் யாரும் இல்லை என்பதால் இந்த எண்ணைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எண் 22-ஆக இருந்தாலும் 12-ஆக இருந்தாலும், 23 வயது இளைஞன் ஒருவன் கதவைத் தட்டி, திறந்தவர் பெயரைக் கேட்டு உறுதிசெய்துகொண்டு, முகத்துக்கு நேராகச் சுடுவது என்பது போர்க்களத்தில் எதிரே வரும் படையை நோக்கிச் சுடுவதுபோல் அல்ல. ஃபோரம் மண்டபத்தைத் தகர்த்தவனுக்கு ஊர் கைதட்டும். இதற்குக் கைதட்டல் கிடையாது, தோழர்களிடம்கூட வாய்விட்டுச் சொல்ல முடியாது.

ஜெர்மன் தரப்பு வேறுவகையில் கணக்குப் போட்டது. 1943 டிசம்பர் 30 அன்று ஹிட்லர் தன் தலைமையகத்துக்கு டென்மார்க்கின் பொறுப்பாளர்களை அழைத்தார். எதிர்ப்பாளர்களை நீதிமன்றத்தில் நிறுத்திச் சுட்டால் தியாகிகளாகிவிடுகிறார்கள், ஆகவே விசாரணை வேண்டாம், பதிலுக்குப் பதில் இரகசியமாகக் கொல்லுங்கள் என்பது அவர் உத்தரவு. ஒன்றுக்கு ஐந்து என்ற விகிதம் வேண்டும் என்றார். நடைமுறையில் அது ஒன்றுக்கு ஒன்று என்ற அளவில் நின்றது. ஐந்தே நாள்தான் ஆகியிருந்தது. 1944 ஜனவரி 4 இரவு வேடர்ஸோ ஊரின் பாதிரியாரும் நாடகாசிரியருமான காய் முங்க்கை அவர் வீட்டிலிருந்து அழைத்துப் போனார்கள். சில்கெபோர்க் அருகே சாலையோரம் அவர் உடல் கிடந்தது. ஒரு காலத்தில் முசோலினியையும் ஹிட்லரையும் வியந்து எழுதியவர் முங்க். பிறகு பிரசங்க மேடையிலிருந்து ஆக்கிரமிப்பைக் கடுமையாகத் தாக்கியவர். எதிர்ப்பியக்கத்தின் எந்தத் துப்பாக்கிச் சூட்டுக்கும் அவருக்கும் தொடர்பு இல்லை. கிளியரிங் கணக்கின் முறையே அதுதான். கடன் வாங்கியவனிடம் வசூலிப்பதில்லை, ஊருக்கெல்லாம் தெரிந்த ஒருவரிடம் வசூலிப்பார்கள். மருத்துவர்கள், பத்திரிகையாளர்கள், வழக்கறிஞர்கள் என்று பட்டியல் நீண்டது. கொன்றவர்கள் 'பீட்டர் குழு' என்ற கும்பல். அதில் டேனியர்களும் இருந்தார்கள்.

இதனால் எதிர்ப்பியக்கத்தின் ஒவ்வொரு சூட்டுக்கும் ஒரு மறுபக்கம் உண்டாயிற்று. ஓர் ஒற்றன் விழுந்தால் நாளை எந்த ஊரில் எந்த மருத்துவர் வீட்டுக் கதவைத் தட்டுவார்களோ என்ற கேள்வி உடனே எழும். ஃப்ளாமனுக்கும் சிட்ரோனனுக்கும் இது தெரியாமல் இருந்திருக்க முடியாது. கட்டடங்களுக்கும் இதே பழிவாங்கல் நடந்தது. 1944 ஜூன் இறுதியில் கோபன்ஹேகனின் செல்லமான டிவோலி பூங்காவின் ஒரு பகுதியை வெடிவைத்துத் தகர்த்தார்கள். டேனிஷ் நாஜிப் படைப்பிரிவான ஷால்பர்க் படையின் பெயரையும் சபோட்டாஜ் என்ற சொல்லையும் ஒட்டி மக்கள் அதற்கு 'ஷால்பர்டாஜ்' என்று பெயர் வைத்தார்கள். ஊரடங்கு இரவு எட்டு மணிக்கு வந்தபோது கப்பல் கட்டும் தொழிலாளிகள், மாலையில் எங்கள் காய்கறித் தோட்டத்தைப் பார்க்கவேண்டும் என்று சொல்லிப் பகலிலேயே வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அதிலிருந்து நகரம் முழுவதும் வேலைநிறுத்தம் பற்றிக்கொண்டது. அந்த மக்களின் குறும்பு எந்த நெருக்கடியிலும் வற்றவில்லை.

செப்டம்பர் 19 இந்தக் கதையின் திருப்பம். அன்று காலை ஜெர்மானியர்கள் வான்தாக்குதல் சங்கை ஒலிக்கவிட்டு, அந்தக் குழப்பத்தில் டேனிஷ் போலீஸ் படையையே கைதுசெய்தார்கள். சுமார் 2,000 போலீசாரை ஜெர்மனிக்கு அனுப்பினார்கள், பெரும்பாலோர் புக்கன்வால்ட் முகாமுக்குப் போனார்கள். ஒரு நாடு ஒரே நாளில் போலீஸ் இல்லாத நாடாயிற்று. அதே நாளில் ஜெர்மன் துப்பாக்கிச் சூட்டில் சிட்ரோனன் பலத்த காயமடைந்தார். தப்பிவிட்டார் என்றாலும் ஓட முடியாத உடம்பு. கோபன்ஹேகனுக்கு வடக்கே, கென்டாஃப்ட் பகுதியில் யேகர்ஸ்போர்க் ஆலே தெருவில் ஒரு வீட்டில் மறைந்து கிடந்தார்.

அக்டோபர் 15 அன்று ஜெர்மானியர்கள் அந்த வீட்டுக்கு வந்தார்கள். அடிபட்ட ஓர் ஆள் தனியாக இருக்கும் வீடு, சில நிமிட வேலை என்று நினைத்திருப்பார்கள். சண்டை மணிக்கணக்கில் நீண்டது. எதிரே ஆட்கள் விழுந்துகொண்டே இருந்தார்கள். கடைசியில் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். நெருப்பிலிருந்து வெளியே வந்த சிட்ரோனனைச் சுட்டுக் கொன்றார்கள். அவருக்கு 33 வயது. ஜெர்மன் வண்டிகளைப் பழுதாக்கத் தொடங்கியவர் இப்படி ஒரு முற்றுகையில் போய் முடிவார் என்று அந்தப் பட்டறையில் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

மூன்று நாள் கழித்து, அக்டோபர் 18 மாலை, கடற்கரைச் சாலையான ஸ்ட்ரான்வையில் ஒரு வீட்டில் ஃப்ளாமன் உணவு மேசையில் இருந்தார். வீட்டுக்காரர்களும் விருந்தினர் சிலரும் உடனிருந்தார்கள். கதவு தட்டப்பட்டது. இத்தனை காலம் மற்றவர் வீட்டுக் கதவைத் தட்டியவர் அவர். இப்போது தட்டியவர்கள் கெஸ்டபோ. ஃப்ளாமன் கையில் ஆயுதம் இல்லை. மாடிக்கு ஓடினார், கூரை வழியாக இறங்க வழியுண்டா என்று பார்த்தார். வீட்டைச் சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். சயனைடைக் கடித்தார். கீழே இருந்தவர்கள் மேலே ஜெர்மானியர்கள் மகிழ்ச்சியில் கூச்சலிட்டதைக் கேட்டார்கள். பிறகு அவர் உடலைக் காலைப் பிடித்துப் படிகளில் இழுத்து வந்தார்கள்.

உயிரோடு பிடிபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது ஃப்ளாமனுக்குத் தெரியும். சித்திரவதை தாங்காமல் பெயர்களைச் சொல்லிவிடுவோமோ என்ற அச்சம் எல்லாப் போராளிகளுக்கும் இருந்தது. தன் வாயிலிருந்து ஒரு பெயர் வராமல் தடுக்க, ஒற்றர்களுக்கு அவர் செய்துவந்ததையே கடைசியில் தனக்கும் செய்துகொண்டார்.

அவர்கள் இறந்தபின் கணக்கு வேகம் பிடித்தது. போலீஸ் இல்லாத நகரத்தில் தெருவோரக் கொலைகள் பெருகின. எதிர்ப்பியக்கத்தின் கொலைகளில் பெரும்பகுதி போரின் கடைசி மாதங்களைச் சேர்ந்தது. அனுபவமில்லாத புதிய கைகள், அவசரம், முடிவு நெருங்கும் நேரத்துப் பழி எல்லாம் சேர்ந்துகொண்டன. 1945 மே 4 இரவு பிபிசியின் டேனிஷ் ஒலிபரப்பில் ஜெர்மன் சரணடைவு அறிவிக்கப்பட்டது. மக்கள் கறுப்புத் திரைகளைக் கிழித்தெறிந்து சன்னல்களில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். இன்றும் மே 4 இரவு டேனிஷ் வீடுகளில் அந்த வழக்கம் தொடர்கிறது.

விடுதலைக்குப் பின் கோபன்ஹேகன் வடபுறத்தில் ரூவாங்கன் என்ற இராணுவப் பயிற்சித் திடலைத் தோண்டினார்கள். ஜெர்மானியர்கள் பலரைச் சுட்டு இரகசியமாகப் புதைத்த இடம் அது. 1945 ஆகஸ்ட் 29 அன்று, அரசு மரண தண்டனைக்கு மறுத்து வீழ்ந்த நாளின் இரண்டாம் ஆண்டில், நூற்றுக்கும் மேற்பட்டவர்களை அதே மண்ணில் அரச மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். ஃப்ளாமனும் சிட்ரோனனும் அவர்களில் இருந்தார்கள். கால் முறிந்த கணித ஆசிரியர் நீல்சனும் அங்கே உயிர்விட்டவர்தான். அந்த இடம் இப்போது மின்னலுண்டன் என்ற நினைவுப் பூங்கா.

அடக்கத்தோடு பேச்சும் அடங்கியது. தகர்த்த பாலங்கள், தொழிற்சாலைகள், 1943 அக்டோபரில் மீன்பிடிப் படகுகளில் சுவீடனுக்குக் கடத்திக் காப்பாற்றிய 7,000-க்கும் மேற்பட்ட யூதர்கள் என்று சொல்லிப் பெருமைப்பட எவ்வளவோ இருந்தது. சக டேனியரைச் சுட்டது அந்தப் பெருமையில் பொருந்தவில்லை. சுட்டவர்களில் உயிர் பிழைத்தவர்கள் சாதாரண வேலைகளுக்குத் திரும்பினார்கள். சிலருக்குத் தூக்கம் திரும்பவில்லை. சுடப்பட்டவர்களின் பிள்ளைகள் 'ஸ்டிக்கரின் மகன்' என்ற பெயரோடு பள்ளிக்குப் போனார்கள், தந்தை உண்மையில் அப்படிப்பட்டவரா என்று விசாரித்துச் சொல்ல எந்த நீதிமன்றமும் இருக்கவில்லை. அரை நூற்றாண்டு கடந்து, சுட்டவர்கள் கிழவர்களான பிறகுதான் இது பொதுவெளியில் விரிவாகப் பேசப்பட்டது. மௌனம் இறந்தவர்களைக் காப்பாற்றியது என்பார்கள். என் பார்வையில் அது ஃப்ளாமனுக்கும் நன்மை செய்யவில்லை. அவர் செய்ததை முழுதாகச் சொல்லாமல் அவரைச் சிலையாக்குவது, அவர் மட்டும் சுமந்த எடையை இன்னொரு முறை அவர் தலையிலேயே வைப்பதுதான்.

கணக்கின் கடைசிப் பதிவை எழுதியது அரசு. 1945 ஜூனில் டேனிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டத் திருத்தம் இயற்றியது. ஆக்கிரமிப்புக் காலத்துத் துரோகங்களுக்கு மரண தண்டனை விதிக்கலாம். சட்டம் முன்தேதியிட்டுச் செல்லும், அதாவது செயல் நடந்தபோது இல்லாத தண்டனையை இப்போது விதிக்கலாம். 1943 ஆகஸ்டில் ஜெர்மானியர் கேட்டு மறுக்கப்பட்டதை, விடுதலை பெற்ற நாடு இரண்டே ஆண்டில் தானாகச் சட்டமாக்கிக்கொண்டது. கீழிருந்து நடந்த லிக்விடேரிங்குக்கு முற்றுப்புள்ளி வைக்க மேலிருந்து ஒரு சட்டம் தேவை என்ற வாதம் அன்று பலருக்கு நியாயமாகத் தெரிந்தது. கோபம் தெருவில் கொப்பளித்துக்கொண்டிருந்த கோடை அது. 78 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது, 46 பேருக்கு நிறைவேற்றப்பட்டது. பீட்டர் குழுவினரும் கெஸ்டபோவுக்கு வேலை செய்த டேனியர்களும் அவர்களில் இருந்தார்கள். சுடுவதற்குத் தாமாக முன்வந்த போலீசாரைக் கொண்டு அணி அமைத்தார்கள். 1950-இல் கடைசிச் சூடு நடந்தது.

அவற்றில் பெரும்பாலானவை கோபன்ஹேகனில், கிறிஸ்டியான்ஸ்ஹாவ்ன் பகுதியின் பழைய கோட்டைச் சுவரருகே, இதற்கென்றே கட்டிய ஒரு மரக்கொட்டகையில் நடந்தன. கொட்டகை இப்போது இல்லை. அந்த இடம் பின்னாளில் கிறிஸ்டியானியா என்ற சுதந்திரக் குடியிருப்புக்குள் வந்துவிட்டது. நீரோரம், மரங்களுக்கு நடுவே போகும் பாதையில் சைக்கிள்கள் வந்து போகின்றன. கொட்டகையின் கான்கிரீட் தளம் மட்டும் புல்லுக்கிடையில் கிடக்கிறது, இரத்தத்தைக் கழுவிவிட அதில் அமைத்த வடிகாலோடு.